பி.ஏ. பொருளாதாரத்துக்குப் புதுப் பாடத்திட்டம் போடுவது எப்படி?

துறைத் தலைவர் ஆகிவிட்டீர்கள், வாழ்த்துகள். பீரோ சாவி, ஸ்டாக் ரெஜிஸ்டர், ஒரு கால் ஆடும் நாற்காலி ஆகியவற்றோடு முதல்வர் அறையிலிருந்து ஒரு சுற்றறிக்கையும் உங்கள் மேசைக்கு வந்திருக்கும். ‘மூன்றாண்டு முடிந்துவிட்டபடியால் பாடத்திட்டத்தைத் திருத்தி அனுப்பவும்.’ பதற வேண்டாம். தன்னாட்சிக் கல்லூரிகளின் பாடத்திட்டக் குழுக்களில் வெளி வல்லுநர் என்ற பெயரில் இருபது வருடமாக வடை தின்றவன் சொல்கிறேன், கேளுங்கள்.

முதலில் பேனாவைக் கீழே வையுங்கள். டைம் டேபிளை எடுங்கள். வாரத்துக்கு 30 மணி நேரம். முதல் நான்கு செமஸ்டரில் அதில் தமிழுக்கு 6, ஆங்கிலத்துக்கு 6 போய்விடும். அங்கே கை வைத்தால் இரண்டு துறைகளும் ஜென்மத்துக்கும் உங்களோடு பேசாது. மீதி 18இல் அலைடு, திறன் வளர்ப்பு, சுற்றுச்சூழல், 2022இல் வந்து சேர்ந்த நான் முதல்வன் என்று ஆளாளுக்குப் பிய்த்துக்கொண்டது போக மிஞ்சுவதுதான் பொருளாதாரம்.

அந்த மிச்சத்திலும் உங்கள் இஷ்டம் செல்லாது. உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் என்பது யுஜிசி கணக்கு. ஒரு தாளைத் தூக்கினால் அதை நடத்துகிறவருக்கு 10 மணி நேரம்தான் நிற்கும். உதவி பெறும் கல்லூரியென்றால் உடனே ‘உபரி’ என்ற சொல் காற்றில் வர ஆரம்பித்துவிடும். கௌரவ விரிவுரையாளர் என்றால் அந்தச் சொல்கூட வராது, நேராக ஜூன் மாதம்தான் வரும். ஒவ்வொரு தாளுக்குப் பின்னாலும் ஓர் ஆள் இருக்கிறார்; ஆளுக்குப் பின்னால் ஒரு வீட்டுக்கடன் இருக்கிறது. வாய்ப்புச் செலவு என்று முதல் வாரத்திலேயே பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறோமே, ஒன்று வேண்டுமென்றால் இன்னொன்றை விட வேண்டும் என்று? அது பிள்ளைகளுக்கு.

பரேட்டோவும் நடத்துகிறோம். யாருக்கும் நட்டமில்லாமல் ஒருவருக்காவது லாபம் தரும் மாற்றம். பாடத்திட்டத்தில் அப்படி ஒன்றே ஒன்றுதான் உண்டு, தாளின் பெயரை மாற்றுவது. ‘பணவியல்’ என்றிருப்பதை ‘பணம், வங்கி மற்றும் நிதிச் சந்தைகள்’ ஆக்குங்கள். ஐந்து யூனிட்டும் அப்படியே இருக்கட்டும், பழுப்பேறிய நோட்டும் அப்படியே இருக்கட்டும். சதவீதம் எவ்வளவு மாறியிருக்கிறது என்று தரமதிப்பீட்டுக்கு வருகிறவர்கள் கேட்டால் 40 என்று சொல்லலாம். யாரும் அளந்து பார்ப்பதில்லை.

அடுத்து, செத்துப்போனவற்றை எடுக்கலாமா என்று ஆசை வரும். கூடாது. திட்டக் குழுவைக் கலைத்துவிட்டு 2015 ஜனவரி 1 அன்று நிதி ஆயோக்கை உண்டாக்கினார்கள். அதற்கு நாலு வருடம் கழித்து ஒரு கல்லூரிக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறேன். இந்தியப் பொருளாதாரம், நான்காம் யூனிட்டில் திட்டக் குழுவின் அமைப்பும் பணிகளும் கம்பீரமாக நிற்கின்றன. “மேடம், இது இப்போது இல்லையே” என்றேன். மூத்த பேராசிரியை என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “தெரியும் சார். பசங்க அந்த யூனிட்லதான் சார் பாஸ் பண்றாங்க.” அரை மணி நேர விவாதத்துக்குப் பிறகு தீர்வு கிடைத்தது. திட்டக் குழு இருந்தபடி இருக்கும். அதன் கீழே ‘திட்டக் குழுவும் நிதி ஆயோக்கும்: ஓர் ஒப்பீடு’ என்று ஒரு வரி சேரும். பழைய கோயிலில் பிரகாரம் கூட்டுகிற மாதிரிதான். மூலஸ்தானத்தை யாரும் தொடுவதில்லை.

வட்டி விகிதத்தை நிர்ணயிக்க 2016இல் பணக்கொள்கைக் குழு வந்து, பணவீக்கத்துக்கு 4 சதவீதம் என்று இலக்கும் வைத்தாயிற்று. நம் பிள்ளைகள் இன்னும் பேங்க் ரேட்டைத்தான் ஆயுதங்களில் முதலாவதாக எழுதுகிறார்கள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது மட்டும் துறையில் உண்மையான துக்கம் இருந்தது. விற்பனை வரி, சேவை வரி, நுழைவு வரி என்று தலைக்கு ஒரு ஐந்து மதிப்பெண் கேள்வியாக இருந்ததை ஒரே வாயில் விழுங்கிவிட்டது பாருங்கள். கொஸ்டின் பேப்பர் செட் பண்ணுகிறவர்கள் பட்ட பாடு வணிகர்கள்கூடப் படவில்லை.

கணிதம் வேண்டுமா வேண்டாமா என்பது இன்னொரு நெருப்பு. நம்மிடம் சேர்கிற பிள்ளைகளில் கணிசமானவர்கள் பிளஸ் ஒன்னிலேயே கணக்குக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வரலாறு, வணிகவியல் பக்கம் வந்தவர்கள். இங்கேயோ முதல் வருடமே அலைடு மேத்ஸ். கணிதத் துறையிலிருந்து ஒருவர் வந்து, பொருளாதாரம் என்ற வார்த்தையை உச்சரிக்காமலே வகைக்கெழு நடத்திவிட்டுப் போவார். அரியர் பட்டியல் அங்கிருந்துதான் தொடங்குகிறது. தேவைக் கோட்டின் சாய்வும் வகைக்கெழுவும் ஒன்றுதான் என்று யாராவது ஒரு நாள் கரும்பலகையில் பக்கத்துப் பக்கத்தில் போட்டுக் காட்டியிருந்தால் பாதிப் பேர் பிழைத்திருப்பார்கள். அதைக் காட்ட வேண்டியவர் கணிதத் துறையா, நம் துறையா என்பது தீராததால் யாரும் காட்டுவதில்லை.

இதில் வேடிக்கை, நம் மாநிலப் பாடநூலில் பதினோராம் வகுப்புப் பொருளியலின் கடைசி அத்தியாயம் கணித முறைகள். பன்னிரண்டாம் வகுப்பின் கடைசி அத்தியாயம் புள்ளியியலும் பொருளாதார அளவையியல் அறிமுகமும். அதாவது பள்ளிப் புத்தகம் தொட்டதை நம் கல்லூரிகள் சில இன்னும் விருப்பப் பாடமாகக்கூட வைக்கவில்லை. நீங்கள் இதையெல்லாம் கிளறாதீர்கள். மேத்ஸை முதல் செமஸ்டரிலிருந்து மூன்றாவதுக்குத் தள்ளுங்கள். ‘மாணவர் நலன் கருதி’ என்று எழுதுங்கள். அரியர் ஒரு வருடம் தாமதமாக வரும், அவ்வளவுதான்.

எழுதுகிற வேலை எளிது. பக்கத்து ஊர்க் கல்லூரியின் பாடத்திட்டம் இணையதளத்தில் கிடக்கும், எடுத்துக்கொள்ளலாம். 2023இல் மாநில உயர்கல்வி மன்றம் மாதிரிப் பாடத்திட்டம் கொண்டுவந்தபோது, எங்கள் தன்னாட்சி போயிற்று என்று நானும்தான் குரல் கொடுத்தேன். எங்கள் தனித்தன்மையை நாங்கள் எங்கிருந்து நகல் எடுத்திருந்தோம் என்பது வேறு கதை. ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள், பெயரை மாற்றுவது. ஒரு கல்லூரியில் 43ஆம் பக்கத்து மேல்வரியில் வேறொரு கல்லூரியின் பெயர் பளிச்சென்று இருந்தது. நான் பார்த்தேன். துறைத் தலைவர் நான் பார்த்ததைப் பார்த்தார். “காபி சொல்லட்டுமா சார்?” என்றார்.

பிறகு அந்த அட்டவணை. ஒவ்வொரு தாளுக்கும் ஐந்து கற்றல் விளைவு, கே-1 முதல் கே-6 வரை அறிவுநிலை, எதிரே கட்டங்களில் எஸ், எம், எல். வலுவான தொடர்பு என்றால் எஸ். எல்லாக் கட்டத்திலும் எஸ் போட்டால் சந்தேகப்படுவார்கள். ஐந்துக்கு ஒன்று எம், பக்கத்துக்கு ஒன்று எல். டி.டி.பி. பண்ணுகிற தம்பியிடம் விட்டால் கோலம் மாதிரி அழகாக வைத்துத் தருவார்.

கூட்டத்தைப் பத்தரைக்கு வையுங்கள். விதிப்படி துணைவேந்தர் நியமித்த ஒருவர், வெளியிலிருந்து வல்லுநர் இருவர், தொழில்துறைக்காரர் ஒருவர், முன்னாள் மாணவர் ஒருவர் வருவார்கள். இப்போது படிக்கிற மாணவரைக் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை. பதினோரு மணிக்கு வடையும் கேசரியும் வந்துவிட வேண்டும். அதுவரை முதல் செமஸ்டர், அதன் பிறகு மற்ற ஐந்தும். ஒரு மணிக்குச் சாப்பாடு, பயணப்படிப் படிவம், கையெழுத்து.

முன்னாள் மாணவரிடம்தான் கொஞ்சம் ஜாக்கிரதை தேவை. போன முறை நான் போன இடத்தில் வந்திருந்த பையன் ஒரு சிறுகடன் நிறுவனத்தில் கிளை மேலாளர். சாப்பாட்டுக்கு எழுந்திருக்கிற நேரத்தில் கையைத் தூக்கினான். “சார், மூணு வருஷத்துல ஒரு தடவைகூட நிஜமான டேட்டாவ நாங்க தொட்டதில்ல சார். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் எக்ஸெல்ல ஒரு லிஸ்ட் குடுத்து, எந்த ஊர்ல வசூல் குறையுதுன்னு பாருன்னாங்க. முழிச்சேன். வாரம் ரெண்டு மணி நேரம் போதும் சார், கம்ப்யூட்டர் லேப்ல.” எல்லோரும் தலையாட்டினோம். ‘முன்னாள் மாணவரின் கருத்து நன்றியுடன் குறித்துக்கொள்ளப்பட்டது’ என்று மினிட்ஸில் ஏறியது. நானும் கையெழுத்துப் போட்டேன்.

உங்கள் டைம் டேபிள் இன்னும் பென்சிலில்தானே இருக்கிறது? அந்த 30இல் எங்காவது அவன் கேட்ட இரண்டு மணி நேரம் கிடைக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். வடை இல்லாவிட்டாலும் வருகிறேன்.