குரோஷா அத்தை

குரோஷா அத்தையின் கண்ணில் மூடாத பொருள் எதுவும் படக்கூடாது. எண்பதுகளில் டயனோராவும் சாலிடேரும் வீட்டுக்குள் நுழைந்தபோது, பெட்டி வந்த வாரமே அதன் தலையில் ஒரு வெள்ளை நூல் விரிப்பு முக்கோணமாகத் தொங்கும். செய்தி வாசிப்பவரின் நெற்றியை அது மறைக்கிறதே என்று வீட்டில் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். ரேடியோ, டெலிபோன், தண்ணீர்ப் பானை, நாற்காலியின் முதுகு என்று எல்லாவற்றுக்கும் உடுப்பு தைத்து முடித்தாயிற்று. அப்புறம்தான் காலம் அத்தையின் வயிற்றில் அடித்தது. டிவி இளைத்துப்போய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டது. டெலிபோன் சட்டைப் பைக்குள் போய்விட்டது. அத்தைக்கு மிஞ்சியது மனிதர்களின் தலைதான்.

ஆகவே இப்போது கோடைக்கு ஹேர்பேண்ட். கத்திரி மே 4-ஆம் தேதி வாக்கில் தொடங்கும் என்றால், சித்திரை பிறந்த உடனேயே சொந்தபந்தங்களின் தலைகளை அளந்து முடித்துவிடுவார். "இங்க வாடா, ஆடாம நில்லு." டேப்பை நெற்றிக்கு மேல் சுற்றிக் காதுக்குப் பின்னால் இழுத்துப் பிடித்து, "இருபத்திரண்டரை. உங்கப்பனுக்கும் இதேதான். அவனும் கணக்குல ஃபெயிலு" என்பார். இந்த இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவர்களுக்கு அந்த வருஷம் பேண்ட் கிடையாது.

22½ இஞ்ச் தலைக்கு 20½ இஞ்சில்தான் போடுவார். இரண்டு இஞ்ச் குறைந்தால்தான் பிடிப்பு இருக்கும். நூலிலும் விட்டுக்கொடுப்பதில்லை. பக்கத்து வீட்டுப் பெண் மலிவாகக் கிடைத்ததென்று அக்ரிலிக் உல்லன் வாங்கி வந்தாள். "இதைக் கொண்டுபோய் ஊட்டியில கட்டிக்கோ. நம்ம ஊர் வெயில்ல கட்டினா மண்டை இட்லிக் கொப்பரைதான்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். பருத்தி வேர்வையைக் குடிக்கும், உண்மைதான். ஆனால் இழுத்தால் இழுத்தபடியே நின்றுவிடுவது அதன் குணம். நாலு சலவைக்குப் பிறகு நெற்றியில் இருந்தது கழுத்துக்கு இறங்கிவிடும். இதற்கு அத்தையிடம் இரண்டு வைத்தியம் உண்டு. ஒவ்வொரு கண்ணியிலும் பின் இழையை மட்டும் எடுத்துப் போட்டால் வரிவரியாக மேடு பள்ளம் விழுந்து பட்டை கொஞ்சம் இழுபடும். பிடரிப் பக்கம் சடைக்குப் போடும் ரப்பர் பேண்டை வைத்து, இரண்டு முனைகளையும் அதன்மேல் மடித்துப் பின்னிவிட்டால் மிச்ச இழுவையை ரப்பர் பார்த்துக்கொள்ளும். இது தொழில் ரகசியம் என்று தெருவில் எல்லோரிடமும் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறார்.

இது மல்லிகைப் பூக் காலம் வேறு. பேண்டைப் போட்டால் பூவை எங்கே வைப்பது என்று மருமகள்கள் கேட்டதும், பின்பக்கம் ஒரு வளையம் கூடுதலாக விட்டுப் பின்னத் தொடங்கினார். அதில் ஒரு முழம் பூ தாராளமாகத் தொங்கும். ஜிம்முக்குப் போகிற கொழுந்தனார் மகனுக்கும் பழக்கதோஷத்தில் அந்த வளையத்தோடே போட்டுக் கொடுத்துவிட்டார். அவன் அதில் வண்டிச் சாவியை மாட்டிக்கொண்டு திரிகிறான்.

அத்தை குரோஷா போடும்போது ஊசியைப் பார்க்கவே மாட்டார். விரல்கள் தம் பாட்டுக்கு ஓட, கண் ஜன்னல் வழியே எதிர்வீட்டில் யார் வருகிறார், எந்தப் பையோடு போகிறார் என்று பார்த்துக்கொண்டிருக்கும். ஆனால் பிடிக்காத யாராவது வந்துவிட்டால் உடனே குனிந்து, "நாப்பத்தெட்டு, நாப்பத்தொம்பது" என்று முணுமுணுக்கத் தொடங்குவார். எண்ணிக்கையின் நடுவில் இருப்பவளை எழுப்பிக் காபி போடச் சொல்ல எந்த நாத்தனாருக்கும் துணிச்சல் வராது. வந்தவர் செருப்பைத் தேடும்வரை அந்த ஐம்பது வராது.

அத்தைக்குப் பயம் என்று ஒன்று உண்டென்றால் அது பேரன்தான். ஸ்வெட்டர் பின்னும் ஊசியில் ஒரு வரிசைக் கண்ணி முழுவதும் உயிரோடு இருக்கும். குரோஷாவில் ஒன்றே ஒன்றுதான். ஊசியை உருவிவிட்டு அந்த நூலைப் பிடித்து இழுத்தால் ஒரு மத்தியான உழைப்பு சரசரவென்று பழையபடி நூலாகிவிடும். அந்தச் சத்தம் பேரனுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

மாமாவுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை, தலையைக் கொடுப்பதைத் தவிர. ரிடையரானவர். ரோஜா நிறப் பட்டையில் பூ வைத்த மாதிரியைத் தலையில் மாட்டிக்கொண்டு தலையங்கம் படித்துக்கொண்டிருப்பார். ஒருமுறை, "போதுமேம்மா, வீட்டுல தலை ஆறுதானே இருக்கு" என்று சொல்லிப் பார்த்தார். "2016-ல நம்ம மெட்ராஸ்லதான் பொம்பளைங்க எல்லாரும் சேர்ந்து 11,148.5 சதுர மீட்டருக்குக் குரோஷாப் போர்வை போட்டு கின்னஸ்ல ஏறினாங்க. ரெண்டே முக்கால் ஏக்கர். அவங்க புருஷன்மார் யாரும் தலையை எண்ணலை" என்று பதில் வந்தது. மாமா தலையங்கத்துக்குத் திரும்பிவிட்டார்.

போன மாதம் கடை வைத்திருக்கும் ஒரு பெண் வந்தாள். நூறு பேண்ட் வேண்டும், ஒன்றுக்கு நாற்பது ரூபாய் தருகிறேன் என்றாள். குரோஷாவை மெஷின் போடாது, எங்கே விற்றாலும் யாரோ ஒருத்தி உட்கார்ந்து கையால் போட்டதுதான் என்பது அத்தைக்கு நன்றாகத் தெரியும். "நாப்பது ரூபாய்க்கு ஊசியைப் பையிலிருந்து வெளிய எடுப்பேன். உள்ள வைக்கத் தனி" என்றார். பேரம் முறிந்தது. அந்தப் பெண் கிளம்பும்போது மஞ்சளில் ஒன்று அவள் தலையில் இருந்தது, கீழே பைக்கில் காத்திருந்த அவள் தம்பிக்கு நீலத்தில் ஒன்று கையில் இருந்தது. இரண்டுக்கும் அத்தை காசு வாங்கவில்லை.