டைசனின் சந்தை மதிப்பு

'அன்புள்ள டைசன் அவர்களுக்கு' என்று ஆரம்பித்தது அந்தக் குறுஞ்செய்தி. டைசன் எங்கள் வீட்டு நாய். இவ்வளவு காலம் எங்களோடு இருந்ததற்கு நன்றி, நாய்க் காப்பீட்டை நாங்கள் நிறுத்திக்கொள்கிறோம், உங்கள் பாலிசியை இனி புதுப்பிக்க இயலாது, நலமாக இருங்கள். டைசனிடம் படித்துக் காட்டினேன். அது காதைச் சொறிந்துகொண்டது. எனக்குத்தான் இன்னும் வயிறு எரிகிறது.

நீங்களும் நாய்க்கு இன்சூரன்ஸ் போட்டவர்தானே? தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள வேண்டாம். ரசீதைக் கரண்ட் பில் கவருக்குள் ஒளித்து வைத்திருப்பீர்கள். மாமனார் வீட்டில் மூச்சு விட்டிருக்க மாட்டீர்கள். அப்படி ஒளித்து வைத்திருப்பவர்களுக்காகத்தான், ஒரு கம்பெனி கழன்றுகொண்டால் அடுத்த கம்பெனியை எப்படிப் பிடிப்பது என்கிற சூட்சுமத்தைச் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன். சொல்கிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் புலம்பிக்கொள்கிறேன்.

மனிதனுக்கு 2011 அக்டோபரிலிருந்து ஒரு வசதி இருக்கிறது. மருத்துவக் காப்பீட்டை ஒரு கம்பெனியிலிருந்து இன்னொரு கம்பெனிக்கு மாற்றினால், காத்திருந்த வருஷக் கணக்கும் கூடவே வந்துவிடும். நாய்க்கு அது கிடையாது. டைசனுக்காக இதுவரை கட்டியதெல்லாம் ஆற்றில் கரைத்த புளி. புதுக் கம்பெனிக்கு டைசன் நேற்றுப் பிறந்த நாய். வயது என்று வரும்போது மட்டும் கிழட்டு நாய். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி.யையும் எடுத்துவிட்டார்கள். டைசன் தனிநபர் இல்லையாம். வரி கட்டும்போது மட்டும் நாயும் குடிமகன்.

கோபால்பட்டியில் ஒரு ஏஜென்ட் தம்பி இருக்கிறான். ஆயுள், வண்டி, கடை, மாடு என்று எதையும் விட மாட்டான். அவனைக் கூப்பிட்டேன்.

"நாயாண்ணே? மாடுன்னு சொல்லுங்க, நாளைக்கே போட்டுரலாம்."

மாட்டுக்கு எல்லாமே ஒழுங்காக இருக்கிறது. காதில் 12 இலக்க எண்ணோடு மஞ்சள் தோடு. தோடு இல்லையென்றால் பணம் இல்லை, அவ்வளவுதான் சட்டம். எத்தனை லிட்டர் கறக்கிறது என்று பார்த்து மதிப்புப் போட்டுவிடுகிறார்கள். எருமைக்கும் அப்படியே. நாய் ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் குரைக்கிறது என்று யார் அளப்பது?

இரண்டு நாள் கழித்துத் தம்பி எங்கிருந்தோ ஒரு படிவத்தோடு வந்தான். பெயர், நிறம், தடுப்பூசி எல்லாம் நிரப்பியாயிற்று. அடுத்த கட்டத்தில் 'சந்தை மதிப்பு' என்று இருந்தது. கால்நடை மருத்துவர் கையெழுத்து வேண்டுமாம். நான் கெட்டது அங்கேதான்.

டாக்டர் நல்ல மனிதர். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "எவ்வளவு சார் போடட்டும்?" என்றார். எவ்வளவு என்று சொல்வது? டைசனை நான் வாங்கவில்லை. கொசவபட்டிப் பக்கம் ஒரு மாந்தோப்புக் காவல்காரப் பெரியவர் துண்டில் சுற்றிக் கொடுத்தார். நாய்க்குட்டியைச் சும்மா கொடுக்கக் கூடாதென்று சொல்லி ஒரு ரூபாய் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். ஆக, ஆதாரத்தோடு நிற்கிற விலை ஒரு ரூபாய்தான். ஏஜென்ட் தம்பி வண்டிக் கணக்கை எடுத்தான். "அண்ணே, வண்டிக்கு நாலு வருசம் தாண்டுனா மதிப்புல பாதியைக் கழிச்சுருவாங்க." அந்தக் கணக்குப்படி டைசன் இப்போது 50 பைசா. அதிலும் தேய்மானம், பல் இரண்டு விழுந்தது, பின்னங்காலில் ஒரு பழைய அடி. சில்லறையாகக் கூடத் தேறாது.

சந்தை மதிப்பென்றால் சந்தைக்கே போய்க் கேட்டால் என்ன என்று ராத்திரியெல்லாம் யோசித்தேன். அய்யலூர் ஆட்டுச் சந்தைக்கு டைசனை ஓட்டிக்கொண்டு போகிறேன். தரகர் மேல்துண்டை எடுத்து என் கைமேல் போடுகிறார். துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை சொல்ல வேண்டும். நான் இரண்டு விரலைப் பிடிக்கிறேன். அவர் ஒரு விரலையும் பிடிக்காமல் கையை எடுத்துக்கொள்கிறார். நான் விடவில்லை; பாய்ச்சலைப் பாருங்கள், பல்லைப் பாருங்கள் என்கிறேன். அவர் பல்லைப் பார்க்கக் குனிகிறார். அதற்குமேல் என்ன நடந்திருக்கும் என்று டைசனை அறிந்த யாருக்கும் தெரியும். அந்தக் கடிக்கு என் மருத்துவக் காப்பீடா, டைசனின் காப்பீடா, தரகரின் காப்பீடா என்று யோசித்துக்கொண்டே விடிந்துவிட்டது.

எதிர்வீட்டுப் பெரியம்மாவிடம் கேட்டிருந்தால் ராத்திரி தூங்கியிருக்கலாம். அவருடைய விடைக்கோழி விஷயத்தில் டைசன் மேல் ஒரு சந்தேகம் உண்டு, நிரூபணம் ஆகவில்லை. "ஐநூறு ரூபா நான் தாரேன், அதைக் கொண்டுபோயி சிறுமலையில கடைசி வளைவுல விட்டுட்டு வந்துரு" என்றார். அதாவது மைனஸ் 500. டாக்டர் அதை எழுத மறுத்துவிட்டார். படிவத்தில் மைனஸ் குறிக்கு இடமில்லையாம்.

"ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பைன்னா ஏதாவது எழுதலாம் சார்" என்றார் டாக்டர். உண்மைதான். ராஜபாளையத்துக்கு 2005-லேயே தபால்தலை வெளியிட்டிருக்கிறது அரசாங்கம். நாலு நாட்டு இனங்களுக்குக் கிடைத்த மரியாதை அது. டைசனையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். முகம் சிப்பிப்பாறை மாதிரி இருந்தது. உடம்பு யாரென்று தெரியவில்லை. வால் சுத்தமாக நத்தம் ரோடு.

ஆயுள் காப்பீட்டில் எனக்கு நானே பத்து லட்சம் என்று எழுதிக்கொண்டேன். வருமானத்தைக் கேட்டார்கள், ரத்தத்தை எடுத்தார்கள். என்னைச் சுற்றி வந்து வாலைப் பார்த்து, இவ்வளவு தேறுவீர்களா என்று ஒருவரும் கேட்கவில்லை. டைசனாவது ராத்திரி எழுந்து குரைக்கிறது.

இதில் வேடிக்கை, உலகத்திலேயே முதல் நாய்க் காப்பீட்டை 1924-ல் சுவீடன்காரர்கள் போட்டுவிட்டார்கள். அமெரிக்காவில் 1982-ல் முதல் பாலிசி எடுத்தது லாஸி. சினிமா நாய்க்கு யாரும் மதிப்புச் சான்றிதழ் கேட்டிருக்க மாட்டார்கள். அதே அமெரிக்காவில் 2024-ல் நேஷன்வைட் என்கிற பெரிய கம்பெனி, ஏறக்குறைய ஒரு லட்சம் செல்லப்பிராணி பாலிசிகளைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று அறிவித்தது. வைத்தியச் செலவு ஏறிவிட்டதாம். ஒரு லட்சம் வீட்டிலும் யாரோ ஒருவர் என்னைப் போல வயிறு எரிந்துகொண்டு கிடந்திருப்பார் என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். இங்கே 2020-ல் நாய்க்குப் பாலிசி கொண்டுவந்த பஜாஜ் அலையன்ஸிலேயே, ஜெர்மன் கூட்டாளி 2025-ல் கைகுலுக்கிவிட்டுக் கிளம்ப, பெயர்ப்பலகையில் பாதி போய்விட்டது. 1972-ல் சட்டம் போட்டு 107 பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகளை நாலாகச் சுருக்கினார்கள். அப்போது வரிசையில் நிற்க வேண்டியிருந்தது என்று குறை சொன்ன ஆள்தான் நான். இப்போது நிற்பதற்கு வரிசையே இல்லை. ஆரம்பிக்கிறவனும் கிளம்புகிறவனும் இரண்டு முறையும் சிரித்த முகத்தோடு ஒரு நாய்க்குட்டிப் படம் அனுப்புகிறான். விசுவாசத்தை நாயிடம் மட்டும்தான் எதிர்பார்க்கிறோம் போலிருக்கிறது.

தம்பியிடம் இன்னொன்றும் கேட்டேன். மலையடிவாரத் தோட்டங்களில் பன்றிக்கு அவுட்டுக்காய் வெடி வைக்கிறார்கள். டைசன் வாயை வைத்துத் தொலைத்தால்?

"அது வெடிவிபத்துல வரும்ணே. பட்டாசு ஆலைக்குப் போடுற பாலிசி ஒண்ணு இருக்கு, கேட்டுச் சொல்லவா?"

டாக்டர் கடைசியில் ஐயாயிரம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். என்மேல் இரக்கமா, வெளியே ஒரு சினைமாடு காத்திருந்ததா தெரியவில்லை. டைசனைப் புது மரியாதையோடு வண்டியில் முன்னால் உட்கார வைத்து அழைத்து வந்தேன்.

சூட்சுமம் என்று ஆரம்பத்தில் ஏதோ சொன்னேன். தம்பி திண்ணையில் வந்து உட்கார்ந்துவிட்டான், படிவத்தை முடித்துவிட்டு வருகிறேன். எட்டு வயதுக்கு மேல் போனால் புதுசாகப் போட முடியாது என்றான்.

"ஆறு" என்றேன்.

"ஆறா?" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "நம்ம போர் போட்ட வருசம் வந்ததுங்க. ஒம்பது முடிஞ்சிருச்சு."

தம்பியின் பேனா அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் டைசனைப் பார்த்தான். அப்புறம் அடுப்படிப் பக்கம் திரும்பி, "அக்கா, அது போரோட வயசு. நாயோட வயசைச் சொல்லுங்க" என்றான்.