ஆடுறது காத்தாடியா, உன் பவுசா?

ஏலே பேராண்டி, இப்படி உக்காரு. விமானம் ஓட்டப் படிக்கியாமே? நல்லது. ரெண்டு பேர் உக்காருத சின்ன விமானம், முன்னால ஒரு காத்தாடி. அது நடுங்குதுன்னு ராத்திரி பூரா போன நோண்டி, கார்பன் காத்தாடிக்கு விலை கேட்டிருக்கியாம். சீட்டுக்கு அடியில போட ஜெல் மெத்தை வேறயாம். நடுக்கம் இஞ்சின்ல, மெத்தை உனக்கா? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.

மிளகு மூட்டை எடை போட்ட கெழவனுக்கு விமானத்தப் பத்தி என்ன தெரியும்னுதான நினைக்க? இந்த மட்டாஞ்சேரிக் கரையில நின்னா காயலுக்கு அங்கிட்டு வில்லிங்டன் தீவு. 1953 மே 11-ல கடற்படைக்காரங்க ஐ.என்.எஸ். கருடான்னு விமானத் தளம் தொடங்கினது அங்கதான். அந்த வருசம் வந்து இறங்குன சீலாண்ட் விமானம், தண்ணியிலயும் இறங்கும், தரையிலயும் இறங்கும். ரெண்டு பிஸ்டன் இஞ்சின், ஒவ்வொண்ணுலயும் ஆறு சிலிண்டர். உப்புத் தண்ணி தெறிச்சாலே பிளேடு விளிம்பு அரிச்சுப்போகும். அதை வச்சுக் காபந்து பண்ணவன் கையில உன் போன் இருந்துச்சா?

கணக்கு ஒண்ணு சொல்லுதேன். 10 கிராம் மிளகு ஒரு கைப்பிடிகூட வராது. அந்த எடை காத்தாடி நடுவுல இருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி ஒரு பக்கம் கூடிப்போச்சுன்னு வையி. நிமிசத்துக்கு 2400 சுத்துல அது 13 கிலோ கணக்கா இழுக்கும். எந்தப் பக்கம்? எல்லாப் பக்கமும்தான், செகண்டுக்கு 40 தடவை சுத்திச் சுத்தி. அந்த இழுப்பு இஞ்சினுக்குப் போயி, தகடுக்குப் போயி, கடைசியில உன் பல்லுக்கு வருது.

அதுக்காகக் காத்தாடி மேலயே பழி போட்டுறாத. ஒரு சிலிண்டர் ரெண்டு சுத்துக்கு ஒருக்காதான் வெடிக்கும். காத்தாடி எடை தப்புன்னா சுத்துக்கு ஒரு ஆட்டம். சிலிண்டர் மக்கர் பண்ணா ரெண்டு சுத்துக்கு ஒரு ஆட்டம். பிளக்குல கரி ஏறி நின்னா காத்தாடி என்னலே செய்யும்? இஞ்சினத் தாங்குத ரப்பர் எண்ணெய் குடிச்சு ஊறியிருக்கும், இல்ல காய்ஞ்சு கல்லாயிருக்கும். அதக் கடைசியா எப்பப் பாத்த? காத்தாடி மூக்குல மாட்டுத கூம்பு, அதுக்குப் பின்னால உள்ள தகடு விரிசல் விட்டாலும் இதே ஆட்டந்தான்.

அப்புறம் பிளேடத் துடை. பூச்சியும் சேறும் அப்பிக் கெடக்கு. கல்லு பட்ட பள்ளத்த ஒரு பக்கம் மட்டும் அரம் போட்டு ராவுனா அந்தப் பக்கம் லேசாகாதா? மரக் காத்தாடின்னா இன்னொரு கூத்து இருக்கு. எடவப்பாதி மழையில அதச் செங்குத்தா நிறுத்திட்டுப் போனா, ஈரம் பூரா கீழ்ப் பிளேடுக்கு இறங்கும். படுக்கையா நிறுத்து. மரம் ஊறினாலும் காய்ஞ்சாலும் போல்ட்டு இறுக்கம் மாறும். அதையும் அளவு வச்சுப் பாக்கச் சொல்லு.

தொடுபுழைப் பக்கத்துல சஜி தாமஸ்னு ஒருத்தர். காது கேக்காது, பேச்சும் வராது. தன் கையாலயே சின்ன விமானம் கட்டுனாரு. அவர் கதைய வச்சு 2017-ல ‘விமானம்’னு மலையாளப் படமே வந்துச்சு. இஞ்சின் சத்தம் விழாத மனுசன் நடுக்கத்த எதுல பாத்திருப்பாரு? உள்ளங்கையிலன்னுதான் நான் நினைக்கேன். உனக்குக் காது ரெண்டும் இருக்கு, ரெண்டுலயும் பாட்டு ஓடுது.

இவ்வளவும் பாத்தபொறவும் ஆடுதா? இப்பக் கூப்பிடு, ஆட்டம் அளக்குத மெஷினக் கொண்டு வாரவர. மொதல்ல காத்தாடியக் கழட்டி ஒரு தண்டுல மாட்டி, கத்தி விளிம்பு மேல விட்டுப் பாப்பாக. கனத்த பக்கம் தானாத் தாழும். தராசுதான்லே, வேறென்ன? அடுத்து, திரும்ப மாட்டி இஞ்சின ஓடவிட்டே பாக்குத முறை. இஞ்சின் மேல ஒரு சென்சார், பிளேடுல துண்டு மினுக்கு டேப்பு, அதப் பாக்க ஒரு கண்ணு. ஆட்டம் எவ்வளவு, கனம் எந்த இடம்னு ரெண்டும் வந்துரும். செகண்டுக்கு 0.2 இஞ்சுக்குக் கீழ வந்தாப் பரவாயில்ல, 0.07-க்கு வந்தா அருமைம்பாக. இத்தனை மினுமினுப்புக்கும் கடைசி வைத்தியம் என்ன தெரியுமா? எதிர்ப்பக்கம் ரெண்டு மூணு வாஷர்! ஆனா அத லைசென்ஸ் உள்ள இஞ்சினியர் போடணும், லாக் புக்குல எழுதணும். நீ சிமிட்டி ஒட்டப் போயிராத.

ஒண்ணு விட்டுட்டேன். சில விமானத்துல சுத்து காட்டுத மீட்டர்ல நடுவுல ஒரு செவப்புப் பட்டை இருக்கும். அந்த வேகத்துல இஞ்சினும் காத்தாடியும் சேர்ந்து அதிரும், பிளேடே களைச்சு வெடிச்சுப் போகலாம். அங்க ரிப்பேர் பண்ண ஒண்ணுமில்ல. நிக்காம சட்டுனு தாண்டிப் போ.

காத்தாடியத் தொடுமுன்ன சாவிய எடுத்துப் பைக்குள்ள போடு. எடுத்தபொறவும் நம்பாத. பிளக்குக்குப் பொறி குடுக்குத மாக்னெட்டோவுக்குப் போற ஒரு வயர் அத்துப்போயிருந்தா, கையால தள்ளுன உடனே இஞ்சின் பத்திக்கிடும். பிளேடு சுத்துத வட்டத்துக்குள்ள கால வைக்காதலே.