புட்டியும் சூனியமும்: இல்லத்து மதுவை வெற்றிடப் பம்பினால் அடைத்தல் பற்றிய ஒரு விசாரணை

எந்தப் பொருளைப் பற்றி நூல் செய்யப் புகுந்தாலும் முதலில் பாயிரம் சொல்ல வேண்டும் என்பது நம் இலக்கணிகளின் விதியாதலால், நன்னூலார் கேட்கும் கேள்விகள் அனைத்துக்கும் விடை சொல்ல இயலாவிட்டாலும், கேட்போர் யார், பயன் யாது என்ற இரண்டுக்கேனும் விடை சொல்லிவிட்டு மேலே செல்வதுதான் மரியாதை. கேட்போர், அமெரிக்க ஐக்கிய நாட்டில் வீட்டின் நிலவறையிலோ கார் நிறுத்தும் கொட்டகையின் மூலையிலோ திராட்சை ரசத்தை நொதிக்க விட்டு, அது தெளியும்வரை மாதக்கணக்கில் பொறுமை காத்து, புட்டியில் அடைக்க வேண்டிய தினம் வந்ததும் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும் கிருகஸ்தர்கள். பயன், அந்த முதுகுக்கு விமோசனம். 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இன்றும் அமலிலுள்ள தமிழ்நாட்டில் இருந்துகொண்டு இதைப் படிப்பவர்கள் ஞானத்தின் பொருட்டு மட்டுமே படிக்கவும். பிரயோகம் அவர்களுக்கு விலக்கப்பட்டது.

அமெரிக்கக் கிருகஸ்தனுக்கு இந்தச் சுதந்திரம் வந்த வரலாறு ரசமானது. அந்நாடு 1920 முதல் 1933 வரை மதுவிலக்கை அனுஷ்டித்த காலத்திலும், போதை தராத பழரசத்தை வீட்டு உபயோகத்துக்காகத் தயாரித்துக்கொள்ளலாம் என்று சட்டத்தில் ஒரு சலுகை இருந்தது. பழரசம் தானாகவே நொதித்து வேறொன்றாக மாறிவிட்டால் அது பழரசத்தின் குற்றமேயன்றித் தங்கள் குற்றமாகாது என்று குடும்பஸ்தர்கள் வியாக்கியானம் செய்துகொண்டதால், கலிபோர்னியாவின் திராட்சை ரயில் ரயிலாகக் கிழக்கே சென்றது. உலர்ந்த ரசத்தைக் கட்டியாக்கி விற்ற வியாபாரிகள், அதைக் கரைத்து இத்தனை நாள் மூடி வைத்தால் ஒயினாகிவிடும், ஆகவே அவ்வாறு செய்யலாகாது என்று செய்முறையையே எச்சரிக்கையாக அச்சிட்டுத் தங்கள் தர்மத்தைக் காத்துக்கொண்டார்கள். இன்றைய மத்திய அரசுச் சட்டமோ, வயது வந்தோர் இருவர் இருக்கும் வீட்டுக்கு ஆண்டொன்றுக்கு 200 காலன் ஒயின் வரியின்றி வடித்துக்கொள்ள அனுமதி அளிக்கிறது. அதாவது ஏறத்தாழ 757 லிட்டர். புட்டிக் கணக்கில் ஆயிரம். நாளொன்றுக்கு இரண்டே முக்கால் புட்டி. சட்டம் இயற்றியவர்கள் குடும்ப வாழ்க்கையின் சிரமங்களை நன்கு அறிந்தவர்களாக இருந்திருக்க வேண்டும்.

இனிப் பூர்வபக்ஷம். கார்பாய் என்று அவர்கள் அழைக்கும் பெருங்கண்ணாடிக் குடுவையில் 23 லிட்டர் ஒயின் பிடிக்கும். கண்ணாடியின் பாரமும் சேர்ந்தால் சுமார் 30 கிலோ. சைபன் கட்சியார், இக்குடுவையை மேஜைமேல் ஏற்றி, ரப்பர்க் குழாயின் ஒரு நுனியை உள்ளே விட்டு, மறுநுனியைத் தரையிலுள்ள புட்டிக்குள் நுழைத்துவிட்டால் பூமியின் ஆகர்ஷண சக்தி செலவில்லாமல் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும் என்பார்கள். குடுவையை மேஜைமேல் ஏற்றுவது யார் என்ற கேள்விக்கு அவர்களிடம் மைத்துனரைக் கூப்பிடுவதைத் தவிர வேறு விடை இல்லை. ஏற்றும்போது அடியில் அமைதியாகப் படிந்திருந்த மண்டி கலங்கி, அது மறுபடி தெளியும்வரை மைத்துனருக்கு விருந்தளித்தபடி காத்திருக்க நேர்கிறது. ஓட்டத்தைத் துவக்கக் குழாயை வாயால் உறிஞ்சும் பழக்கமோ சுத்தத்துக்கு விரோதமானது. முப்பது புட்டிக்குள் ஓட்டம் பலமுறை அறுந்துபோகுமானால், உறிஞ்சியவரின் விவேகத்துக்கும் விரோதமானது.

பம்புக் கட்சியின் சித்தாந்தி என்ன செய்கிறார் என்று இப்போது அருகில் நின்று பார்ப்போம். குடுவை தரையில் தன் மண்டியுடன் அசையாமல் இருக்கிறது. இரண்டு துளையிட்ட ரப்பர் அடைப்பான் ஒன்றைப் புட்டியின் வாயில் அழுத்திப் பிடித்திருக்கிறார். ஒரு துளையிலிருந்து புறப்பட்ட குழாய் குடுவைக்குள் மண்டிக்கு இரண்டு விரல் மேலே வரை இறங்குகிறது, மற்றொன்றிலிருந்து புறப்பட்டது நுரையைத் தாங்குவதற்கென்று வைத்த ஒரு ஜாடி வழியாகப் பம்புக்குச் செல்கிறது. அந்த இரண்டாவது குழாயின் பக்கத்தில் உள்ள சிறு கண்ணைக் கட்டைவிரலால் மூடியதும், புட்டியில் இருந்த காற்று வெளியேற, செந்நிற ஒயின் குழாயில் சர்ரென்று ஏறி, புட்டியின் உட்சுவரை நனைத்துக்கொண்டு, குமிழிகள் கண் சிமிட்ட மேலே வருகிறது. கழுத்தை எட்டியதும் கட்டைவிரலை எடுக்கிறார். காற்று உள்ளே பாய, ஓட்டம் அக்கணமே நின்றுவிடுகிறது. ஒரு துளி சிந்தவில்லை. அடுத்த புட்டி.

இது ஏதோ நவீன நாகரிகத்தின் ஆடம்பரம் என்று முகம் சுளிப்பவர்கள் சரித்திரம் அறியாதவர்கள். வெற்றிடமும் மதுவும் ஜன்மத்திலேயே உறவினர் என்பதுதான் இவ்விசாரணையில் யான் நாட்ட விழையும் பிரமேயம். இயற்கை சூனியத்தைச் சகிப்பதில்லை என்று அரிஸ்டாட்டிலின் வழிவந்தோர் சாதித்துவந்த காலத்தில், மாக்டபர்க் நகரின் மேயராக இருந்த ஓட்டோ ஃபான் கெரிக்கே, சூனியத்தை உண்டாக்கியே தீருவது என்று புறப்பட்டபோது முதலில் கைவைத்த பாண்டம் எது? மது வைக்கும் மரப்பீப்பாய்! அதில் நீரை நிரப்பி, அந்நீரைப் பலசாலிகளைக் கொண்டு பம்பினால் இறைக்கச் செய்தார். மரத்தின் நுண்ணிய துவாரங்கள் வழியே காற்று சீறிக்கொண்டு உள்ளே புகுந்ததால் முயற்சி பங்கமாயிற்று. அடுத்துச் செய்த செப்புக் கோளம் பெருஞ்சப்தத்துடன் நசுங்கிப்போக, அதன்பிறகு செம்மையாகச் செய்த கோளத்தில்தான் காரியம் கைகூடியது. இரண்டு அரைக்கோளங்களைப் பொருத்திக் காற்றை நீக்கி, பதினாறு குதிரைகளைப் பூட்டி அவர் இழுக்க வைத்த காட்சி பின்னால் வந்த புகழ். ஆதியில் இருந்தது பீப்பாய்.

பாஸ்கலின் சாட்சியம் இன்னும் வலிது. டோரிசெல்லி 1644இல் பாதரசக் குழாயின் தலையில் வெற்றிடம் தோன்றுவதைக் கடிதம் மூலம் அறிவித்தபின், அங்கே உண்மையில் வெற்றிடம் இல்லை, திரவத்தின் ஆவி நிரம்பியிருக்கிறது என்று பலர் மறுத்தார்கள். பிரான்சின் ரூவான் நகரில் இருந்த இளைஞர் பாஸ்கல், 46 அடி நீளக் கண்ணாடிக் குழாய்களைக் கப்பலின் பாய்மரத்தில் கட்டி நிமிர்த்தி, ஒன்றில் நீரையும் மற்றொன்றில் செந்நிற ஒயினையும் நிரப்பிப் பலர் முன்னிலையில் பரீட்சித்தார். ஒயினில் ஆவி அதிகம், ஆதலால் அது நீரைவிடக் கீழே இறங்கி நிற்கும் என்பது மறுப்பாளர்களின் கணிப்பு. ஒயினோ நீரைவிட இலேசானதாகையால் சற்று மேலேயே நின்றது! வெற்றிடம் உண்டென்ற வழக்கில் மது அவ்விதம் சாட்சி சொன்னது. சாட்சிக்குப் பின் அந்த ஒயினை என்ன செய்தார்கள் என்பதை அறிய ஆவல் மிகுந்தாலும் ஆராய்ச்சி அவ்வளவு தூரம் செல்லலாகாது.

ஆகவே பம்பு ஒயினை இழுக்கிறது என்று பெருமை பேசும் கிருகஸ்தன் சாஸ்திரப் பிழை செய்கிறான். இளநீரைக் குழல் வைத்துக் குடிக்கும் குழந்தையின் வாய் எதையும் இழுப்பதில்லை, வெளியிலுள்ள காற்றே இளநீரைத் தள்ளுகிறது. அதே நியாயம் இங்கும். பம்பு புட்டியைக் காலி செய்து வழிவிட, குடுவையிலுள்ள ஒயினின் மீது சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ வீதம் அமுக்கும் ஆகாயம் கூலியில்லாமல் உழைக்கிறது. முழு வெற்றிடம் கிடைத்தாலும் நீரை ஏறக்குறைய 10 மீட்டருக்கு மேல் அது உயர்த்தாது. வீட்டுப் பம்புகள் எட்டும் 20 அங்குலப் பாதரச அளவுக்கோ சுமார் 7 மீட்டர். நிலவறையில் குடுவையை வைத்து முதல் மாடியில் புட்டி நிரப்ப இது போதும். அதனால் என்ன லாபம் என்று கேட்கும் வாசகர் ஆராய்ச்சிக் கட்டுரை படிக்கத் தகுதியற்றவர்.

ஆட்சேபங்கள் சில உண்டு. வெற்றிடம் மணத்தையும் கவர்ந்துகொண்டு போய்விடும் என்பார்கள். பம்பின் வாயருகே மணம் வீசுமானால் அந்த மணம் புட்டிக்கு இல்லாமல் போனது என்பது அனுமானப் பிரமாணத்தால் சித்தம். ஆனால் ஒரு புட்டி நிரம்பும் சில விநாடிகளில் போவது சொற்பம். நொதித்த ஒயினில் தங்கிய கரியமில வாயுவை நீக்க வேண்டிக் குடுவை முழுவதையும் மணிக்கணக்கில் பம்புக்கு ஒப்புக்கொடுப்பவருக்கே இக்கவலை பொருந்தும். அவருக்கு வேறொரு கவலையும் உண்டு. அவ்வளவு பெரிய குடுவையின் புறத்தே காற்று அமுக்கும் மொத்த பாரம், உள்ளே முழு வெற்றிடமானால், நான்கு டன்னுக்கு மேல். கீறல் விழுந்த கண்ணாடி கெரிக்கேயின் செப்புக் கோளம் சென்ற வழியே செல்லும், அப்போது அருகில் நிற்பவரும் உடன் செல்ல நேரிடலாம். பிளாஸ்டிக் குடுவை உள்நோக்கி நசுங்குவதோடு விட்டுவிடும். எண்ணெய் விட்டு ஓட்டும் பம்பு ஒயினுக்கு ஆகாது. மருத்துவமனையில் சலம் உறிஞ்சி ஓய்வுபெற்ற யந்திரத்தைச் சுத்தம் செய்து வாங்கிப் பயன்படுத்துவோரும் உளர். அதன் பூர்வாசிரமத்தை விருந்தினரிடம் வெளியிடாதிருப்பது உத்தமம்.

முடிவாக விதிக்கப்படுவன: ஆண்டுக்கு ஒரு குடுவை மட்டும் வடிப்பவரும், திடகாத்திரமான மைத்துனர் வாய்க்கப்பெற்றவரும் சைபனையே அனுஷ்டிக்கலாம். நான்கைந்து குடுவைக்கு மேற்பட்டோரும், முதுகுவலி உள்ளோரும், மைத்துனருடன் பேச்சுவார்த்தை நின்றுபோனவர்களும் பம்பு வாங்குக. குடுவையில் கீறல் உள்ளதா என்று விளக்கு வெளிச்சத்தில் பார்த்துக்கொள்க. நுரை ஜாடியை வைக்காமல் பம்பை ஓட்டற்க. இவ்வளவும் செய்து அடைத்த புட்டிகளில் ஒன்றையேனும் விற்பதற்கு அந்நாட்டுச் சட்டம் இடங்கொடுப்பதில்லை.