வௌவால் நோக்கர்

அந்தி மயங்கும் வேளையில் வௌவால் நோக்கரின் வீட்டுக்குள் நுழைபவர், கல்யாணப் பத்திரிகை வைக்கவே வந்திருந்தாலும், கொல்லையில் சப்போட்டா மரத்தைப் பார்த்துப் போடப்பட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் இருட்டில் அமர்த்தப்படுவார் என்பதை கே.கே. நகர் முதல் நாகமலை புதுக்கோட்டை வரை வசிப்போர் நன்கறிவர். வெளிச்சம் பட்டால் வௌவால் வராது என்று விளக்கு அணைக்கப்படும். புகை ஆகாது என்று கொசுவர்த்தி மறுக்கப்படும். இவ்விரு ஏற்பாடுகளாலும் முதலில் பயனடைபவை மதுரைக் கொசுக்களே.

விருந்தினர் தம் முழங்கையில் முதல் அறை அறைந்ததும் சொற்பொழிவு தொடங்கும். "சத்தம் போடாதீங்க சார், ஒரு வௌவால் ராத்திரிக்கு நூறு கொசு தின்னும்." அடுத்த அறைக்கு அந்த நூறு ஐந்நூறாகும், விருந்தினர் வேட்டியை இழுத்துக் கணுக்காலை மூடும்போது ஆயிரத்தைத் தாண்டியிருக்கும். வௌவால் கொசு தின்பது உண்மைதான். ஆனால் அவ்வேலையைச் செய்பவை, மனிதச் செவிக்கு எட்டாத மீயொலியை, அதாவது நொடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலியை, எழுப்பி அதன் எதிரொலியைக் கொண்டு இரையைப் பிடிக்கும் சிறிய பூச்சியுண்ணி வௌவால்கள். சப்போட்டாவுக்கு வருபவையோ குறுமூக்குப் பழவௌவால்கள். கண்ணாலும் மூக்காலும் கனியை அறிந்து, மென்று, சாற்றை விழுங்கிச் சக்கையைத் துப்பும் இவற்றுக்குக் கொசுவோடு யாதொரு பகையும் இல்லை.

இவ்வேறுபாட்டை நோக்கர் அறியாதவர் அல்லர். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் மாரிமுத்து வௌவால்களை ஆராய்ந்ததையும், ஆண் பழவௌவால் நெட்டிலிங்கத்தின் இலை தண்டுகளைக் கடித்துக் கூடாரம் அமைத்துப் பெண் வௌவால்களைக் குடியமர்த்துவதையும் விளக்குபவர் அவரேதான். விருந்தினர் எழ முயலும் கணத்திற்கென்றே மேகமலை ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கிறது: 1948-இல் ஆங்கஸ் ஹட்டன் அங்கே சேகரித்த வௌவால் ஒன்று இதே குறுமூக்குப் பழவௌவாலெனத் தவறாகக் கருதப்பட்டுக் கிடந்ததும், அது வேறினம் எனத் தாய்லாந்து அறிஞர் கிட்டி தோங்லோங்யா கண்டு, 1972-இல் சலீம் அலியின் பெயரைச் சூட்டியதும் முழுமையாகச் சொல்லப்படும்வரை பத்திரிகை கைமாறாது. பேச்சு முடியாத நிலையில் வௌவால் வந்துவிட்டால் அதைக் கவனிப்பவர் விருந்தினர் மட்டுமே.

மதுரைக்கு அருகிலுள்ள புளியங்குளத்தில் ஆலமரத்துப் பழந்தின்னி வௌவால்களை முனியின் காவலில் இருப்பவையாகக் கருதி ஊரார் அவற்றைத் துன்புறுத்துவதில்லை. அவ்வடக்கத்தைத் தம் தெருவாரிடமும் எதிர்பார்ப்பது நோக்கரின் வழக்கம். புளியங்குளத்து முனிக்கு அண்டைவீட்டுக்காரர் இல்லை என்பது அவர் கருத்தில் ஏறுவதே இல்லை. நோக்கருக்கு அண்டைவீட்டுக்காரர் உண்டு. அவருக்குப் பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவரும், மொட்டைமாடியில் துணி உலர்த்தும் கொடியும் உண்டு. சுவரில் வழிந்த எச்சத்தைக் காட்டி அவர் முறையிட்டால், தம் கொல்லையில் தீப்பெட்டி உரசவும் விடாத நோக்கர் பெரிய டார்ச் விளக்கோடு வந்து, அந்த எச்சத்தைக் குச்சியால் கிளறி, அத்தி விதை இருப்பதாக மகிழ்ந்து அறிவிப்பார். கொடியில் உலர்ந்த வேட்டியில் படிந்த கறை வெளுப்பவரிடம் இருமுறை போயும் போகவில்லை. சுவருக்கு மறுபடி வெள்ளையடிக்கும் கூலியைப் பற்றி, பாதியையேனும் தருவது பற்றி, நோக்கர் இன்றுவரை வாய் திறக்கவில்லை.