தாத்தா வீட்டுக் கதவில் பாரிடோன் கிட்டார் செய்வது எப்படி?

முதலில் இடிபடப்போகும் ஒரு வீடு வேண்டும். அம்பத்தூரிலோ திருமுல்லைவாயிலிலோ சொந்தக்காரர் யாராவது ஓட்டு வீட்டை ஜாயின்ட் வென்ச்சருக்குக் கொடுத்திருப்பார். கிரகப்பிரவேசத்துக்குப் போகாவிட்டாலும் பரவாயில்லை, இடிக்கிற அன்று போய்விடுங்கள். பர்மா தேக்குக் கதவை வண்டியில் ஏற்றுவதற்குள் "தாத்தா ஞாபகமா வெச்சுக்கறேன் பெரியப்பா" என்று கண்கலங்க வேண்டும். கிட்டார் என்ற பேச்சே வரக்கூடாது. வந்தால் கதவும் போகும், மரியாதையும் போகும்.

ஆசாரியிடம் கொடுக்குமுன் பலகையைக் காந்தத்தால் தடவிப் பாருங்கள். மூன்று தலைமுறை காலண்டர் மாட்டிய ஆணிகள் உள்ளே முறிந்து கிடக்கும். ஒன்று சிக்கினாலும் ரூட்டர் பிட் காலி. அப்போது ஆசாரி சொல்வதை இங்கே அச்சிட முடியாது.

உடம்புக்கு ஒன்றே முக்கால் அங்குலக் கனம் போதும். நீளத்தில்தான் விஷயம். சாதாரண கிட்டாரில் தந்தி அதிரும் நீளம் 25.5 அங்குலம் இருக்கும். பாரிடோனுக்கு 27 முதல் 30 வரை. அந்த நீளம் இருந்தால்தான் சுருதியை இறக்கினாலும் தந்தி கொடிக்கயிறு மாதிரி தொங்காது. "எதுக்கு சார் இவ்ளோ நீட்டு, ஊஞ்சப் பலகையா?" என்பார் ஆசாரி. ஆமாம் என்றே சொல்லிவைக்கலாம்.

27 அங்குலம் என்றால் அதை 17.817-ஆல் வகுங்கள். முதல் மெட்டு 1.515 அங்குலத்தில் விழும். மிச்ச நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுக்க வேண்டும், மெட்டு தீரும்வரை. பன்னிரண்டாவது சரியாகப் பாதியில், 13.5-இல் வரும். அங்கே ஒரு நூல் தள்ளிப்போனாலும் அபஸ்வரம்தான்; "ஒரு நூல்தானே சார்" என்பதை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பிக்கப்புக்கு அலைய வேண்டாம். 1964-இலிருந்து இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் இருக்கிற அம்பத்தூரில் மோட்டாருக்குக் காயில் கட்டுபவருக்கா பஞ்சம்? "எத்தனை ஹெச்பி?" என்று கேட்பார், சிரிக்காதீர்கள். ஏழெட்டாயிரம் சுற்று. அமெரிக்கக் குறிப்புகளில் 42 கேஜ் கம்பி என்றிருக்கும். அப்படியே கேட்டால் நம்மூர்க் கணக்கில் தடிமனான கம்பி வந்து சேரும். 46 கேளுங்கள்.

ஒற்றைக் காயில் என்றால் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் உறுமலும் ஸ்பீக்கரில் சேர்ந்து வரும். உங்கள் கீழ்த் தந்தியோ 62 ஹெர்ட்ஸ். வீட்டாருக்கு இரண்டும் ஒன்றுதான். "டேங்க் ரொம்பிடுச்சா பாரு" என்று உள்ளிருந்து குரல் வந்தால், வாசிப்பதை நிறுத்திவிட்டு, "ரொம்பிடுச்சு" என்று சொல்லிவிடுங்கள்.