மிகையமிலர் இயல்: சீனன்குடாப் பாடம்

யூரிக் அசிட் கூடியவர் இரு குலத்தர்: வரவு மிக்கார், செலவு குன்றியார். இரத்தத்தில் ஒரு டெசிலீற்றருக்கு 6.8 மில்லிகிராமைத் தாண்டினால் அது கரைந்திராமல் படிகமாக முற்படும்; படிகம் மூட்டில் படிந்து வீங்கினால் அதுவே கௌட். அவ்வெல்லை கடந்தோரே இந்நூலுக்கு உரியர்.

சீனன்குடாவாருக்கு இதை விளக்குவது எளிது. பிரிட்டிஷார் விட்டுப்போன 99 எண்ணெய்த் தாங்கிகளின் அயலில் வாழ்பவர்கள். தாங்கியில் மட்டம் ஏறினால் ஊற்றியது கூடியிருக்கும், இல்லாவிட்டால் வெளியேறும் குழாய் அடைத்திருக்கும். தன் உடம்பு என்று வரும்போது மட்டும் குழாயை யாரும் பார்ப்பதில்லை. சூடை மீனைத்தான் பிடித்து விசாரிக்கிறார்கள்.

உள்ளபடி வரவு மிக்கார் பத்தில் ஒருவர்தான். சூடை, கீரி, ஈரல், பியர், சீனிச் சோடா இவர்களின் குலச்சின்னம். சொரியாசிஸ், சில இரத்தப் புற்றுநோய்கள் உடையோர் மீனே தொடாமலும் இக்குலத்தில் சேர்வர். பருப்பையும் கூண்டில் ஏற்றுவது ஊர் வழக்கம். தாவர உணவால் கௌட் கூடுவதாகப் பெரிய ஆய்வுகள் காட்டவில்லை, பருப்பு விடுதலை.

செலவு குன்றியாரே பெருங்குலம். சிறுநீரகம் அமிலத்தைத் திருப்பி உறிஞ்சும் மரபணுவோடு பிறந்தார், சிறுநீரகம் தளர்ந்தார், வலைக்கு ஈயம் உருக்கி ஆண்டுக்கணக்கில் புகை குடித்த ஈயத்தார் எனப் பலர். இவர்களுள் எளிதாகத் தப்பிவிடுவோர் குளிசையார். கிளினிக் கொப்பி சுற்றிய பொலித்தீன் பையைக் கவிழ்த்தால் ஹைட்ரோகுளோரோதயசைட்டோ ஃபுரோசமைட்டோ விழும். சிலரிடம் சின்ன அஸ்பிரினும் சேர்ந்தே விழும். “அது பிரஷர் குளிசை டொக்டர், இதுக்கும் கால் விரலுக்கும் என்ன சம்பந்தம்?” என்பார். சலம் போகவைக்கும் குளிசையே யூரிக் அசிட்டைப் போகவிடாமல் பிடித்துவைக்கும் என்பதுதான் சம்பந்தம். காசத்துக்குப் பைராசினமைட் குடிப்போரும் இவ்வகையே. பிரஷருக்கு லொசாட்டன் போல யூரிக் அசிட்டைச் சற்றே இறக்கும் குளிசையும் உண்டு. மாற்றுவது டொக்டர் வேலை. தானே நிறுத்துவோர் தனிக் குலம், அவர்களை இருதய வார்ட்டில் வைத்து ஆராய்க.

இரு குலமும் மயங்குமிடத்து 24 மணி நேரச் சலம் சேர்த்து அளப்பர். காலையில் முதற் சலத்தை விட்டுவிட்டு, மறுநாள் அதே நேரம்வரை ஒரு சொட்டும் சிந்தாமல் கானில் சேர்க்க வேண்டும். இடையில் கலியாண வீட்டுக்குப் போய்வந்தவரின் கான் எதற்கும் சான்றாகாது.

எஞ்சியோர் ஒளிந்திருப்பார். பெருவிரல் வீங்கி, போர்வை பட்டாலே அலறுவார். அன்றெடுத்த இரத்தத்திலோ அளவு சரியாக இருக்கும். வலி உச்சத்தில் அது இறங்கிக் காட்டுவதுண்டு. வீக்கம் வற்றி இரண்டு கிழமை கழித்து மறுபடி ஊசி குத்தும்வரை இவர்களை எக்குலத்திலும் சேர்க்கற்க.